தொங்குகிற கார்டு

புதுக் கம்ப்யூட்டர் வந்திறங்கிய அன்றே பல வீடுகளில் நடப்பது இது. ஸ்விட்சைப் போட்டதும் கேபினெட்டுக்குள் விசிறிகள் சுற்றும். கலர் விளக்குகள் மின்னும். மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஒரு வரி காட்டிவிட்டு இருண்டுவிடும். கடைக்குப் போன் போட்டால், நாம் சொல்லி முடிப்பதற்குள் பதில் வரும்: “கார்டு லூஸாயிருக்கும் சார். ஒரு தடவ கழட்டி மாட்டுங்க, வந்துடும்.” பெரும்பாலும் வந்தும்விடும்.

கடையில் ஓட்டிக் காட்டும்போது நன்றாக இருந்த கிராஃபிக்ஸ் கார்டு, வழியில் ஏன் லூஸாகிறது? பார்சல்காரர் தூக்கிப் போட்டார் என்று சொல்லிவிடலாம். அவர் பங்குக்குப் பாதிப் பழி உண்டுதான். மீதிப் பழி, படுத்துக் கிடந்த கம்ப்யூட்டர்ப் பெட்டியை எழுப்பி நிற்க வைத்தவர்களைச் சேரும்.

1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி. மேஜைமேல் படுத்திருந்தது; மானிட்டர் அதன் முதுகில் உட்கார்ந்திருந்தது. உள்ளே மதர்போர்டு தரையோடு தரையாகக் கிடக்கும். அதன் ஸ்லாட்டுகளில் கார்டுகள் செங்குத்தாக நிற்கும். கார்டின் எடை நேராக ஸ்லாட்டுக்குள் இறங்குவதால், புவியீர்ப்பே அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. முழு நீளக் கார்டு என்றால் முன்பக்கச் சுவரில் அதன் முனையைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் காடியும் இருந்தது. ஒரு முனையில் ஸ்க்ரூ, மறுமுனையில் காடி, அடியில் ஸ்லாட். மூன்று பக்கமும் பிடி.

பிறகு மேஜையில் இடம் வேண்டும் என்று பெட்டியை நிமிர்த்தி, மேஜைக்குக் கீழே தள்ளினோம். டவர் கேபினெட் பிறந்தது. மதர்போர்டு சுவர்போல எழுந்து நிற்க, கார்டுகள் அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டன. முன்பக்கக் காடியும் வீட்டுக் கம்ப்யூட்டர்களிலிருந்து மெல்லக் காணாமல் போனது. அப்போது யாருக்கும் அது உறுத்தவில்லை. 1999-ல் வந்த ஜீஃபோர்ஸ் 256 போன்ற கார்டில் ஒரு சின்ன விசிறிதான். தனி மின் கேபிள்கூடக் கிடையாது.

2022 அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்விடியா தன் பெயரிலேயே விற்ற பதிப்பின் நீளம் 304 மில்லிமீட்டர். எடை 2 கிலோவுக்கும் மேல். குடிக்கும் மின்சாரம் 450 வாட். எடையில் பெரும்பங்கு, அந்த 450 வாட் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க்குக்குத்தான். டவருக்குள் கார்டின் விசிறிப் பக்கம் கீழ்நோக்கி இருப்பதால், அவ்வளவு உலோகமும் மெல்லிய சர்க்யூட் போர்டின் அடியில் தொங்குகிறது. ஆனால் பிடித்துக்கொள்ளும் இடமோ பழைய இடம்தான்: பின்பக்கத்தில் ஓரிரு ஸ்க்ரூ, பக்கத்தில் 9 சென்டிமீட்டர் ஸ்லாட்.

கார்டின் எடை மையம் ஸ்க்ரூ இருக்கும் முனையிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த முனையில் விழும் திருப்புவிசை ஏறக்குறைய 3 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர்க் குச்சியின் ஒரு நுனியைக் கையில் பிடித்து, மறு நுனியில் 300 கிராம் எடையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எப்படித் திணறுமோ, அதை அந்த ஸ்க்ரூக்கள் வருடக்கணக்கில் தாங்க வேண்டும். இது கம்ப்யூட்டர் சும்மா நிற்கும்போது. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த பெட்டி லாரி ஏறித் திருநெல்வேலிக்குப் போகிறது என்றால், இறக்குகிறவர் கை நழுவும் ஒரு கணத்தில் புவியீர்ப்பைப்போல் 10 மடங்கு அதிர்வு வந்தால்கூடப் போதும். 2 கிலோ கார்டு அந்தக் கணத்தில் 20 கிலோவாகிவிடும்.

அப்போது ஸ்லாட்டுக்குள் என்ன நடக்கிறது? கார்டைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள். தங்க முலாம் பூசிய பட்டைகள் பக்கத்துக்கு 82, இரண்டு பக்கமும் சேர்த்து 164. நடுவே ஒரு வெட்டு. வெட்டுக்கு முன்னால் இருக்கும் சிறு பகுதி மின்சாரத்துக்கு. 12 வோல்ட் வருவது அங்கேதான். வெட்டுக்குப் பின்னால் இருக்கும் நீளப் பகுதி முழுக்கத் தகவலுக்கு. அதில் 16 பாதைகள், லேன்கள், வரிசையாக வால் பக்கம் வரை போகின்றன.

தொடுகிறது என்று நாம் சொல்வது இங்கே கொஞ்சம் மிகைதான். ஸ்வீடனில் பிறந்து பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தில் ஆராய்ந்த ராக்னர் ஹோல்ம் கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே இதை விளக்கிவிட்டார். எவ்வளவு வழவழப்பான உலோகமும் நுண்ணோக்கியில் மேடுபள்ளம்தான். இரண்டு பரப்புகள் சந்திக்கும்போது சில மேட்டு நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகவே பாய வேண்டும். ஸ்லாட்டின் சின்ன ஸ்பிரிங் கம்பிகள் பட்டையை அழுத்துவது அந்தப் புள்ளிகளைக் காப்பாற்றத்தான். தங்கம் பூசுவதும் அதற்காகவே; தங்கம் துருப்பிடிக்காது. கார்டு தொங்கி அசைந்தால் அழுத்தம் குறையும், புள்ளிகள் இடம் மாறும். மைக்ரான் அளவு அசைவே ஓயாமல் நடந்தால் முலாம் தேய்ந்து, அடியில் இருக்கும் நிக்கல் வெளியே தெரியும்; அதன்மேல் ஆக்சைடு படியும்.

லூஸான கார்டு எல்லா நேரமும் செத்த கார்டுபோல நடந்துகொள்ளாது என்பதுதான் இதில் வம்பு. கம்ப்யூட்டர் உயிர்பெறும்போது மதர்போர்டும் கார்டும் ஒவ்வொரு லேனாகப் பேசிப் பார்த்துக்கொள்கின்றன. வால் பக்கம் சற்றே தூக்கிக்கொண்டிருந்தால் கடைசி லேன்கள் பதில் சொல்லாது. உடனே 16-க்குப் பதில் 8 போதும், அல்லது 4 போதும் என்று இரண்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளும். படம் வரும், கேம் ஓடும், புகார் எதுவும் திரையில் வராது. 4090 பயன்படுத்தும் நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸில் ஒரு லேனில் விநாடிக்கு 1,600 கோடி பிட் ஓடுகிறது. அரைகுறைத் தொடர்பில் பிட்டுகள் கெட்டால், கெட்ட பொட்டலத்தை மறுபடி அனுப்பச் சொல்லிச் சமாளிக்கும். நமக்குத் தெரிவது அவ்வப்போது ஒரு திக்கல் மட்டுமே.

விளிம்பை இன்னும் உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை. ஒரு பக்கத்தின் முதல் பட்டையும், எதிர்ப் பக்கத்தின் கடைசிக்கு முந்திய பட்டையும் மற்றவற்றைவிடக் குட்டை. அச்சுப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். கார்டு இரண்டு முனையிலும் முழுதாக இறங்கினால்தான் இந்தக் குட்டைகள் தொடும். மற்றவை எல்லாம் தொட்ட பிறகு தொடும், கழற்றும்போது முதலில் விடும். கார்டு வந்து சேர்ந்தது என்று மதர்போர்டுக்குச் சொல்லும் சமிக்ஞை இவற்றில்தான் போகிறது. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் பிடித்த இடம் இது. எண்ணுகிற சிப் எதுவும் வேண்டாம், நீளத்தைக் கொஞ்சம் குறைத்தாலே வேலை முடிந்தது.

இந்த யோசனையைக் கார்டின் மின் கேபிளுக்கு முதலிலேயே கடுமையாகக் கடைப்பிடித்திருந்தால் ஒரு களேபரம் குறைந்திருக்கும். 4090-க்கு வந்த புது 16 பின் இணைப்பான் 600 வாட் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். ஆறு பின்கள் பங்கிட்டால் தலைக்கு 8 ஆம்பியருக்கு மேல். கார்டு வந்த சில வாரங்களில் இணைப்பான் உருகிய படங்கள் உலகெங்கும் சுற்றின. நவம்பரில் என்விடியா, தங்களுக்குத் தெரிந்தது சுமார் 50 சம்பவங்கள் என்றும், கேபிளை முழுதாகச் செருகாததே பொதுவாகக் காணப்பட்ட குறை என்றும் சொன்னது. செருகியதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாத இணைப்பானை விற்றுவிட்டு, செருகவில்லை என்று வாங்கியவரைச் சொல்வது எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை. திருத்திய வடிவத்தில், செருகியதை உணரும் பின்களைக் குட்டையாக்கினார்கள். முழுதாக இறங்காவிட்டால் கார்டு மின்சாரம் கேட்கவே கேட்காது.

இனி கைவேலை. முதலில் மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்கிறதா, மேலே மதர்போர்டில் செருகிவிட்டோமா என்று பாருங்கள். ‘கார்டு லூஸ்’ புகார்களில் சில அங்கேயே தீர்ந்துவிடும். மதர்போர்டில் வி.ஜி.ஏ. என்று எழுதிய குட்டி விளக்கு எரிந்தால் சந்தேகம் கார்டு பக்கம். எஸ்.எம்.பி.எஸ். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொண்டு, பெட்டியைப் படுக்க வையுங்கள். அந்த நிலையில் கார்டு நிமிர்ந்து நிற்கும், கை சுலபமாகப் போகும்.

மின் கேபிளைக் கழற்றி, ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஸ்லாட்டின் வாலில் ஹீட் சிங்க்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் கொக்கியைத் தள்ளினால்தான் கார்டு வெளியே வரும். கொக்கியை மறந்துவிட்டு இழுப்பவர்கள் அதை உடைக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறவர்கள் மதர்போர்டையே கீறிவிடுகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் குச்சி போதும். பட்டைகளை ரப்பரால் தேய்க்கும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் இன்னும் இருக்கிறது. ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய தங்கத்தைச் சுரண்டும் வேலை அது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

திரும்பச் செருகும்போது கவனம் வேண்டிய இடம் பின்பக்கத் தகடு. அதன் கீழ் நாக்கு, மதர்போர்டு விளிம்புக்கும் கேபினெட் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் இறங்க வேண்டும். தகடு லேசாக வளைந்து மதர்போர்டு மேலேயே உட்கார்ந்துவிட்டால், கார்டு முழுதாக இறங்காது. அதை அறியாமல் ஸ்க்ரூவை இறுக்கினால், அந்த முனை கீழே போகப் போக வால் முனை ஸ்லாட்டிலிருந்து எழும்பும். இறுக்கியதாலேயே லூஸாவது இப்படித்தான். எனவே இரண்டு முனையையும் சமமாக அழுத்தி, கொக்கி ‘டக்’கென்று விழுந்த பிறகே ஸ்க்ரூவைத் தொடுங்கள். பெரிய கார்டென்றால், பெட்டியை நிமிர்த்தியதும் முன்முனைக்கு ஒரு முட்டு கொடுப்பது நல்லது. மட்டமாக நிற்கும் அளவு போதும். மேலே நெம்பித் தூக்கினால் போர்டு எதிர்ப்பக்கம் வளையும். கொக்கிப் பள்ளத்தின் ஓரமாக விரிசல் விட்ட போர்டுகளைப் பழுது பார்ப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

படம் வந்ததோடு விட்டுவிடாமல், ஜி.பி.யு.-இசட் போன்ற இலவச மென்பொருளில் எத்தனை லேன் ஓடுகிறது என்று பாருங்கள். கார்டு ஓய்வில் இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏதாவது கேமை ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். 8 என்று காட்டினாலும் உடனே கடைக்காரரைத் திட்ட வேண்டாம். ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற கார்டுகள் பிறவியிலேயே 8 லேன்தான். சில மதர்போர்டுகளில் இரண்டாவது எஸ்.எஸ்.டி. போட்டால் கார்டின் லேன்களில் பாதியை அது எடுத்துக்கொள்ளும். மதர்போர்டு கையேட்டில் அது இருக்கும். இரண்டும் இல்லாமல் 4090-க்கு 8 என்று காட்டினால், பெட்டியை மறுபடி படுக்க வைக்க வேண்டியதுதான்.