சுக்கு நீரும் சங்க வேலையும்

தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்த நெசவாளர் எளிதில் எழுந்திருப்பதில்லை. தறி நின்றால் கூலியும் நிற்கும் என்பதை அவர் நன்கறிவார். ஆகவே பசிக்கும் வேளையில் உண்ணாமல் ஒரு குவளைத் தேநீரை வருவித்துக் குடித்துப் பசியை அடக்குகிறார். பிறகு நேரந்தவறி அவசரமாக உண்டுவிட்டு மீண்டும் குனிந்து உட்காருகிறார். நெசவாளர் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில், நூல் விலைக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கும் முறையீடு வயிற்றைப் பற்றியது. உப்புசம், புளியேப்பம், மந்தம் என்று அதற்குப் பல பெயர்கள்.

இதற்கு நம் முன்னோர் கண்ட எளிய துணை சுக்குமல்லி நீர். கொங்கு நாட்டில் இதனைச் சுக்குக் காப்பி என்றே வழங்குவர். ஆயினும் காப்பிக்கொட்டைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்பது பண்டை வழக்கு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று இப்பெயரையே தாங்கி நிற்பதிலிருந்து, இம்மூன்று சரக்குகளும் தமிழர் வாழ்வில் எத்துணை ஊறியிருந்தன என்பது விளங்கும்.

இஞ்சி காய்ந்து சுக்காகும்போது வெறும் நீர் மட்டும் குறைவதில்லை. பச்சை இஞ்சியின் காரத்திற்குக் காரணமான ஜிஞ்சரால் என்னும் பொருளின் ஒரு பகுதி, காய்ச்சலிலும் வெப்பத்திலும் ஷோகால் என்னும் மற்றொரு பொருளாக மாறுகிறது. இது முன்னதைவிடக் காரம் மிக்கது. சுக்கின் உறைப்பு இஞ்சியின் உறைப்பிலிருந்து வேறுபடுவது இதனாலேயே. உண்ட உணவு இரைப்பையை விட்டு நகர்வதை இஞ்சி விரைவுபடுத்துகிறது என்பதை ஆராய்ச்சியாளர் மனிதரிடத்திலேயே அளந்து கண்டுள்ளனர். குமட்டலைத் தணிக்கும் என்பதற்கும் தக்க சான்றுகள் உள்ளன. மல்லி விதையின் மணம் லினலூல் என்னும் எண்ணெய்ப் பொருளால் உண்டாவது. ஓமத்தின் மணம் தைமாலால் உண்டாவது. இவற்றைப் பற்றிய ஆராய்ச்சி இஞ்சியைப் பற்றியதைப்போல் அத்துணை விரிந்ததன்று. எனினும் வயிற்று உப்புசத்திற்கு இவற்றை வழங்கும் அனுபவம் நெடியது.

வீட்டில் செய்யும் முறையும் எளிதே. மல்லி விதை 100 கிராம், தோல் சீவிய சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், சீரகம் 10 கிராம் என எடுத்துக்கொள்க. மல்லியையும் சீரகத்தையும் மணம் எழும் அளவுக்கு மட்டும் இளவறுப்பாக வறுத்தல் வேண்டும். கருகினால் மணமும் போகும், கசப்பும் சேரும். சுக்கைத் தட்டி நொறுக்கி, யாவற்றையும் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்து, ஈரம் புகாத கலத்தில் மூடி வைக்கவேண்டும். ஒரு குவளை நீருக்கு ஒரு சிறு கரண்டிப் பொடி போதும். ஐந்து நிமிடம் கொதித்தபின் வடிகட்டிப் பருகலாம். கருப்பட்டி சேர்ப்போர் அதனைத் தனியே கரைத்து வடித்து ஊற்றினால் மண் தங்காது.

கருப்பட்டி உடலுக்குக் குளிர்ச்சி என்று கருதி நீரிழிவு உடையோரும் தாராளமாகச் சேர்த்துக்கொள்வதைக் காண்கிறோம். கருப்பட்டியும் சர்க்கரையே. அத்தகையோர் இனிப்பின்றிப் பருகுவதே முறை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மிளகு துன்பத்தைக் கூட்டக்கூடும். அவர்கள் அதனை விலக்குதல் நலம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டே சுக்கை வழக்கமாகக் கொள்ளவேண்டும்.

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பது பழமொழி. இதனை எழுத்துக்கு எழுத்து நம்புவோருக்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. வயிற்றுப் புண்களில் பெரும்பாலானவை காரத்தாலோ கவலையாலோ மட்டும் வருவன அல்ல. ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் கிருமிக்கு அவற்றில் பெரும் பங்குண்டு என்பதை 1982ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இரு மருத்துவர்கள் கண்டறிந்தனர். அதற்காக 2005ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றனர். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும் மற்றொரு காரணம். தறியில் உழைத்து இடுப்பு நோகும் நம்மவர் இதனை நினைவில் இருத்தவேண்டும். கிருமியைச் சுக்கு நீர் அழிக்காது. அதற்கு மருத்துவர் தரும் மருந்தை அவர் கூறும் நாள்வரை உண்ணவேண்டும். மலம் கறுத்துப் போதல், இரத்த வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் தடை ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதும் நம் பழமொழியே அல்லவா? சாதாரண மந்தமும் சில நாளில் தீராவிடில் கைம்மருந்தை நம்பிக் காலம் கடத்தலாகாது.

இனி விளைவிப்போர் பக்கத்தைப் பார்ப்போம். விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மல்லி விதைக்கப்படுகிறது. ஏறக்குறைய நூறு நாளில் அறுவடையாகும் இச்சரக்கு, எல்லோருடைய களத்திலிருந்தும் ஒரே காலத்தில் சந்தைக்கு வருவதால் விலை சரிகிறது. இஞ்சியின் நிலையும் இதுவே. பச்சையாக விற்றால் அழுகும் என்ற அச்சமே விவசாயியை வந்த விலைக்குத் தள்ளிவிடச் செய்கிறது. எட்டு மாதம் முற்றவிட்டு, இலை மஞ்சளித்த பின் தோண்டிக் காயவைத்தால் சுக்காகி மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் நூறு கிலோ இஞ்சிக்கு உத்தேசமாக இருபது முதல் இருபத்தைந்து கிலோ சுக்கே தேறும் என்பதால், விலையை ஒப்பிடும்போது இக்கணக்கை மறந்துவிடக்கூடாது.

தோல் சீவுவதற்கு மூங்கில் சிம்பே ஏற்றது. மணம் தரும் எண்ணெய் தோலை ஒட்டியே இருப்பதால் ஆழமாகச் சீவினால் நமக்கே நஷ்டம். நல்ல வெயிலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை உலர்த்தி, ஈரம் நூற்றுக்குப் பத்து அளவுக்குக் குறைந்தபின் மூட்டை கட்டவேண்டும். அரைகுறையாக உலர்ந்த சரக்கில் பூஞ்சை பிடிக்கும். அந்நஞ்சு கொதிக்கவைப்பதால் ஒழிவதன்று.

விளைவிப்போர் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஒரே வட்டாரத்தில், சில இடங்களில் ஒரே தெருவில் இயங்குகின்றன. எனினும் ஒன்றின் சரக்கு மற்றொன்றின் வீட்டுக்கு வந்துசேர்வதற்குள் தரகர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை எனப் பல கைகள் மாறுகிறது. மிளகில் பப்பாளி விதை கலப்பதும், சுக்குக்கு மிகையாகச் சுண்ணாம்பு பூசுவதும் இவ்வழியில் நேரும் தீமைகள். ஒரு சங்கத்தின் உலர்ந்த சரக்கை மற்றொரு சங்கம் நேரே வாங்கி, அங்கத்தினர் குடும்பத்துப் பெண்டிர் சுத்தம் செய்து பொடித்துப் பொட்டலமிட்டால், உழவருக்கு நிலையான விலையும், நெசவாளர் குடும்பத்திற்குக் கூடுதல் கூலியும், உண்போருக்குக் கலப்பற்ற சரக்கும் ஒருங்கே கிட்டும்.

இதனைத் தொடங்கும் சங்கம் கவனிக்க வேண்டியவை சில உள. உணவுப் பாதுகாப்புத் தரச் சட்டம், 2006இன் கீழ்ப் பதிவோ உரிமமோ பெறாமல் ஒரு பொட்டலமும் வெளியே செல்லலாகாது. பொட்டலத்தின்மீது ‘தேநீர்’ என்று அச்சிடவும் வேண்டாம். தேயிலைச் செடியிலிருந்து பெறுவதையே தேயிலை என 2011ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. ‘சுக்குமல்லிப் பொடி’ என்னும் நம் பெயரே போதும். நோய் தீர்க்கும் என்னும் வாசகமும் கூடாது. வறுப்பிலும் பொடிப்பிலும் குறையும் எடையை ஒவ்வொரு தொகுதிக்கும் இருப்புப் பதிவேட்டில் எழுதி விலை நிர்ணயிக்கவேண்டும். இக்குறைவைக் கணக்கில் கொள்ளாத முயற்சி லாபம்போல் தோன்றி நஷ்டத்தில் முடியும்.

தேயிலையைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளும் நம்மைப் போன்ற கூட்டுறவாளரே. அவர்களுடைய தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வ் 1965ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. நாம் வேண்டுவது, நாளில் அருந்தும் பல குவளைகளுள் ஒன்றிரண்டு சுக்குமல்லி நீராக இருக்கட்டும் என்பதே. அதுவும் உணவுக்குப் பின்னரே அன்றி, உணவுக்குப் பதிலாக அன்று. பசியை எந்த நீராலும் அடக்குவது தகாது.

ஆகவே நெசவாளர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு இரு யோசனைகள் கூறுவேன். பகலுணவுக்கு அரைமணி நேரம் எல்லாத் தறிகளும் ஒருசேர நிற்பதென அங்கத்தினரே கூடி முடிவு செய்யட்டும். எல்லோரும் நிறுத்தினால் ஒருவரும் பின்தங்கமாட்டார். அடுத்து, அருகிலுள்ள விளைவிப்போர் சங்கத்திடமிருந்து ஒரு மூட்டை மல்லியும் பத்துக் கிலோ சுக்கும் வாங்கிச் சோதனையாகப் பொடித்துப் பார்க்கட்டும். இவ்விரண்டையும் அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பதற்குச் செயலாளருக்கு அங்கத்தினர் எழுதும் ஒரு கடிதமே போதுமானது.