முகம் தெரியுதா பாஸ்?

காலை பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. அயர்ன் பண்ணின சட்டை, மேஜை மேல ரெஸ்யூமே... எல்லாம் ரெடி. மீட்டிங்கைத் திறந்தா, திரையில் உட்கார்ந்திருப்பது நீங்களா, உங்க நிழலா? ‘கேமராவை ஆன் பண்றீங்களா?’ன்னு கேட்கிறார் ஹெச்.ஆர். ஆன் பண்ணி அஞ்சு நிமிஷம் ஆச்சு சார்!

உடனே புது வெப்கேமுக்காக அப்பாகிட்ட அப்ளிகேஷன் போடாதீங்க. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கிற உங்களுக்கு, பதில் பக்கத்துத் தெருவிலேயே இருக்கு. டேனரிக்கு வேலைக்குப் போற அண்ணன் யாரையாவது கேளுங்க. சாயம் ஏத்தின தோலை, பார்ட்டி அனுப்பின சாம்பிளோட ஒத்துப் பார்க்கணும்னா கண்ட பல்பையும் நம்ப மாட்டாங்க. பகல் வெளிச்சத்துக்கு எடுத்துட்டுப் போவாங்க. இல்லேன்னா பகல் மாதிரியே எரியற விளக்குப் பெட்டிக்குள்ள வெச்சுப் பார்ப்பாங்க. ஒரு விளக்கில் ஒண்ணா தெரியற ரெண்டு பிரவுன், இன்னொரு விளக்கில் வேற வேறயா நிக்கும். தோலுக்கே இந்த மரியாதைன்னா உங்க முகத்துக்கு?

லேப்டாப் லென்ஸ் மிளகு சைஸ்தான். வெளிச்சம் குறைஞ்சா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கும். விநாடிக்கு 30 படம்ங்கறது 15 ஆகிடும். கையை ஆட்டினா வால் முளைக்கும். போதாக்குறைக்கு, கிடைச்ச சிக்னலை இழுத்துப் பெருக்கும். முகமெல்லாம் ரவை தூவின மாதிரி புள்ளி. அந்தப் புள்ளிகளையும் சேர்த்துச் சுருக்கி அனுப்பப் பார்க்குது சாஃப்ட்வேர். முடியாம, முகம் கட்டம் கட்டமா உடையுது. நெட்டை நாம திட்டற பல சமயம், நிஜக் குற்றவாளி இருட்டு!

அதனால ஜன்னலைப் பார்த்து உட்காருங்க. ஜன்னல் முதுகுக்குப் பின்னாடி இருந்தா, கேமரா அந்தப் பளபளப்புக்கு அளவெடுத்துட்டு உங்களைக் கரியாக்கிடும். வேலூர் வெயில் நேரா முகத்தில் அடிக்குதா? வெள்ளை வேட்டியோ துப்பட்டாவோ ஜன்னல்ல கட்டுங்க. ராத்திரின்னா டேபிள் லேம்ப்பை எதிர் சுவர் பக்கம் திருப்புங்க. வெள்ளைச் சுவர்ல பட்டுத் திரும்பற வெளிச்சம் முகத்துக்குப் போதும். படத்தில் பட்டை பட்டையா ஓடினா, கேமரா செட்டிங்ஸ்ல ‘ஆன்டி ஃப்ளிக்கர்’ 60-ல இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ்.

லென்ஸையும் துடைங்கப்பா. பிரியாணி சாப்பிட்ட கை பட்ட லென்ஸ்ல உலகமே மார்கழி மூட்டம்தான்.

1991-ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக கம்ப்யூட்டர் லேப்ல, ஜாடியில காபி மிச்சம் இருக்கான்னு பார்க்க ஒரு கேமரா வெச்சாங்க. வெப்கேம் பரம்பரைக்கே அதுதான் தாத்தா. கறுப்பு வெள்ளையில், நீளம் 128 புள்ளி, அகலம் 128 புள்ளி. காபிக்கு அது போதும்!

இத்தனைக்கும் மசியலையா? போனை வெப்கேமா மாத்துங்க. விண்டோஸ் 11-ல ஆண்ட்ராய்டு போனையும், புது மேக்ல ஐபோனையும் கோர்க்கலாம். மீட்டிங் அனுப்பறது பெரும்பாலும் 720பி-தான். ஆனா போன் கேமராவோட லென்ஸும் சென்ஸாரும் பெருசு, இருட்டை நல்லா சமாளிக்கும். ஜூம்ல 720பி-யில் ஒருத்தரோட பேச அப்லோடு வேகம் 1.2 எம்பிபிஎஸ் வேணும். ஸ்பீடு டெஸ்ட்ல எல்லாரும் டவுன்லோடை மட்டும் பார்த்துட்டு மூடிடறோம்!

பத்து மணி இன்டர்வியூன்னா, முதல் நாள் அதே பத்து மணிக்கு அதே நாற்காலியில உட்கார்ந்து கேமராவைத் திறந்து பாருங்க. ராத்திரி டெஸ்ட் பண்ணி ஓகேன்னு தூங்கினா, காலையில வெயில் வேற ஜன்னல்ல வந்து நிக்கும்.