அம்மா வேலைக்குப் போகிறாள்; பாப்பா எங்கே போகிறாள்?

காலை எட்டு மணி.

கோவை நகரின் வடக்கே, சத்தி ரோட்டில் இருக்கிறது கணபதி. லேத் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. இரும்பு கடையும் ஓசை தெருவெங்கும் கேட்கிறது.

பஸ் நிற்கும் இடத்தில் சாப்பாட்டுப் பையோடு பெண்கள் காத்திருக்கிறார்கள். பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர்கள், தையல் வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியிலும் ஜவுளிக் கடையிலும் வேலை பார்க்கிறவர்கள்.

அவர்களில் ஒரு தாய் மட்டும் தெருவுக்குள் திரும்புகிறாள். அவள் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. ஒரு வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்கிறாள்.

"அக்கா, பாப்பா ராத்திரி சரியாத் தூங்கலீங்க. கொஞ்சம் பாத்துக்குங்க."

"நீ போயிட்டு வா கண்ணு. நான் பாத்துக்கறேன்."

குழந்தை கை மாறுகிறது. தாய் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள்.

கணபதியில் மட்டும் அல்ல, பெண்கள் வேலைக்குப் போகும் எந்த ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வீட்டிலேயே ஏழெட்டுக் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இன்று பல தெருக்களில் இருக்கிறார்கள்.

"பிள்ளை பார்க்கிற வீடுதானே! அங்கே என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கிறார்கள்.

அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பாட்டி இல்லாத வீடு

முன்பெல்லாம் தோட்டத்து வீட்டில் அப்பத்தா இருப்பார். அம்மாயி வந்து போவார். தாய் காட்டு வேலைக்குப் போனாலும் குழந்தையைப் பார்க்க ஆள் உண்டு.

இப்போது பிழைப்புத் தேடிக் கோவைக்கு வருகிற குடும்பம் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறது. கணவன், மனைவி இருவரும் உழைத்தால்தான் வாடகை கொடுக்க முடியும். பாட்டியோ ஊரில் இருக்கிறார்.

இதை அரசாங்கம் எண்ணிப் பார்க்காமல் இல்லை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது.

2017-ல் மகப்பேறு உதவிச் சட்டம் திருத்தப்பட்டது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் தினமும் நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று அந்தத் திருத்தம் சொன்னது.

நல்ல சட்டம்தான். ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது வராது. கணபதி போன்ற இடங்களில் இப்படிப்பட்ட சிறு பட்டறைகள் ஏராளம்.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் அது. லட்சக்கணக்கான ஏழைக் குழந்தைகள் அதனால் பயன் அடைகிறார்கள்.

ஆனால் தாய் வேலை முடிந்து வீடு திரும்ப மாலை ஆறு மணி ஆகும். அங்கன்வாடி அதற்கு முன்பே மூடிவிடும். அந்த நேரத்தில் குழந்தை எங்கே போகும்?

அதற்குத்தான் இந்த அக்கா வீடு.

புளியங்கொட்டைக் கணக்கு

ஒன்பது மணிக்குள் எல்லாக் குழந்தைகளும் வந்துவிடுகிறார்கள். முதலில் கொஞ்சம் அழுகை. பிறகு விளையாட்டு.

நான்கு வயது, ஐந்து வயதுக் குழந்தைகளின் முன்னால் ஒரு முறம். அதில் புளியங்கொட்டையும் மொச்சையும் கலந்து கிடக்கின்றன. "கறுப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம்" என்கிறார் அக்கா. சின்ன விரல்கள் பொறுக்குகின்றன.

இதில் என்ன படிப்பு?

நிறையவே இருக்கிறது. ஒன்றுபோல் இருப்பதைச் சேர்ப்பதும், வேறாக இருப்பதைப் பிரிப்பதும் கணக்கின் முதல் படி. பல்லாங்குழியில் குழிக்கு ஒரு கொட்டையாகப் போடும் குழந்தை, ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே எண்ணக் கற்கிறது.

கொட்டையைப் பொறுக்கிய விரல்தான் பின்னால் பென்சில் பிடிக்கும். அதற்கு வேண்டிய வலு இப்படித்தான் வருகிறது. அது வருவதற்கு முன் கோடு போட்ட நோட்டைக் கொடுத்து எழுது, எழுது என்றால் குழந்தை படிப்பையே வெறுத்துவிடும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொட்டை கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை, மரக்கரண்டி, எவர்சில்வர் டம்ளர். ஒன்றுக்குள் ஒன்றை வைத்து எடுப்பதே அவர்களுக்குப் பெரிய பாடம்.

தாம்பாளத்தில் மணலைப் பரப்பி விரலால் "அ" எழுதுவதும் உண்டு. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதித்தான் படித்தார்கள்.

ரோமாபுரியில் நடந்தது

இதே பிரச்சினை ஒரு காலத்தில் இத்தாலி நாட்டிலும் இருந்தது.

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே பெரிய குடியிருப்புகள் இருந்தன. பெற்றோர் வேலைக்குப் போனதும் குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடுவார்கள். சுவரைக் கிறுக்கிப் பாழாக்குவார்கள். கட்டடக்காரர்கள் குழந்தைகளுக்கு என்று ஓர் அறையை ஒதுக்கினார்கள். அதைக் கவனிக்க ஒரு பெண் டாக்டரை அழைத்தார்கள்.

அவர்தான் மரியா மாண்டிசோரி. 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி அந்த அறை திறக்கப்பட்டது. "குழந்தைகள் வீடு" என்பது அதன் பெயர்.

கை கழுவுவது, தட்டு எடுத்து வைப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது எல்லாவற்றையும் அவர் பாடம் ஆக்கினார். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். குழந்தைகள் தாமாகவே எழுதத் தொடங்கினார்கள். உலகமே வியந்தது.

1939-ல் அந்த அம்மையார் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரின் காரணமாக 1946 வரை நம் நாட்டிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார்.

இன்று மாண்டிசோரி பெயரில் பெரிய பள்ளிகள் நடக்கின்றன. ஆனால் அந்த முறை பிறந்தது, வேலைக்குப் போன தாய்மார்களின் குழந்தைகளுக்கான ஓர் அறையில்தான்!

சாப்பாடும் ஒரு பாடம்

குழந்தையின் வயிறு சிறியது. மூன்று வேளை மட்டும் சாப்பிட்டால் போதாது. நடுவே இரண்டு வேளை சிறு தீனியும் வேண்டும்.

பத்தரை மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி, கொஞ்சம் கருப்பட்டி சேர்த்து. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எலும்பும் பல்லும் வளரும் வயதில் இதைவிட மலிவான உணவு கிடைக்காது.

மத்தியானம் நம் கொங்கு நாட்டு அரிசி பருப்புச் சாதம். அரிசியும் துவரம் பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு, குழைய வேகவைத்து, ஒரு கரண்டி நெய் விட்டால் குழந்தை வேண்டாம் என்று சொல்லாது.

இது ருசிக்காக மட்டும் செய்தது அல்ல. உடம்பை வளர்க்கும் புரதத்தில் அரிசியில் குறைவது பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நிறைவாகிறது. கூடவே ஒரு முட்டை, அல்லது முருங்கைக்கீரைப் பொரியல்.

குழந்தைகளே தட்டு எடுத்து வைக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று என்று எண்ணுகிறார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்கள். சிந்தினாலும் அவர்களே எடுத்துச் சாப்பிடுகிறார்கள். பக்கத்துக் குழந்தைக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள்.

எண்ணிக்கை, சுத்தம், பொறுமை என்று ஒரே சாப்பாட்டில் மூன்று பாடம்!

வயிறு நிறைந்தால்தான் படிப்பு ஏறும் என்பதைத் தமிழ்நாடு நெடுநாள் முன்பே கண்டுகொண்டது. 1956-ல் முதல்வர் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதுக் குழந்தைகளுக்கும் இடம் கிடைத்தது.

சாப்பிட்டபின் பாய் விரித்துத் தூக்கம். எழுந்ததும் வாழைப்பழம் அல்லது வேகவைத்த பாசிப்பயறு. முழு நிலக்கடலை சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது. பொடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

தாய்மார்கள் பார்க்க வேண்டியவை

வீடு நல்லதா என்பதைத் தெரிந்துகொண்டே குழந்தையை விட வேண்டும்.

தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? அடுப்பங்கரைக்குக் குழந்தை போகாமல் தடுப்பு உண்டா? வாசல் கதவுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் உண்டா? ஒரே ஆள் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார்? பத்துக்கு மேல் என்றால் யோசியுங்கள்.

எந்த நேரத்தில் போனாலும் உள்ளே விடுகிறார்களா? மறைக்க எதுவும் இல்லாத வீடு, தாயை வாசலில் நிறுத்தாது.

டி.வி.யைப் போட்டு உட்கார வைத்துவிட்டால், அது குழந்தை வளர்ப்பு ஆகாது.

அதேபோல் அந்த அக்காவின் நிலையையும் நினைக்க வேண்டும். பத்து மணி நேரம் கண் இமைக்காமல் பார்க்கும் வேலை அது. ஊரில் பல பெண்கள் வேலைக்குப் போக முடிவதே அவரால்தான். கூலியை நாள் தள்ளாமல் கொடுப்பது தாய் தகப்பன் கடமை.

மாலை ஆறு மணி

பட்டறைகள் ஓய்கின்றன. தாய் அவசரமாக வருகிறாள்.

"ஏனுங்க அக்கா, பாப்பா இன்னைக்கு எழுதினாளுங்களா?"

"எழுதலே கண்ணு. தானா எடுத்துச் சாப்பிட்டா. எட்டுத் தட்டு எண்ணி வச்சா. அழுத பையனுக்குத் தன்னோட பழத்துலே பாதி குடுத்தா."

தாய் ஒரு கணம் பேசாமல் நிற்கிறாள். பிறகு குழந்தையை வாரி எடுத்து முத்தமிடுகிறாள்.

எழுத்தை நாளைக்குக் கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் முதல் ஐந்து வயது ஒரு தடவைதான் வரும்.

அந்த வயதில் வயிறு நிறையச் சோறும், கை நிறைய விளையாட்டும், அன்பாகப் பேச ஓர் ஆளும் கிடைத்த குழந்தை, பள்ளிக்கூடத்துக்குச் சிரித்துக்கொண்டே போகும்!