மெயின் புரோகிராமிலா, ஆட்-ஆனிலா? எந்த வசதி எங்கே இருக்க வேண்டும்?

பக்கத்து வீட்டுத் தம்பி போன மாதம்தான் கம்ப்யூட்டர் வாங்கினான். அவனுடைய பாட்டியின் பழைய போட்டோ ஒன்றைக் கொண்டு வந்து, நடுவில் ஓடும் மடிப்புக் கோட்டை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டான். திதிக்கு வைக்க வேறு படம் இல்லையாம். "அரை மணி நேர வேலைதான், கொடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். என் தைரியத்துக்குக் காரணம், கிம்ப் புரோகிராமும் அதில் நான் சேர்த்து வைத்திருந்த ரீசிந்தசைசர் என்ற பிளக்-இன்னும்தான். கோட்டைச் சுற்றி செலக்ட் செய்து 'ஹீல் செலக்ஷன்' கொடுத்தால், அக்கம் பக்கத்தைப் பார்த்து அதுவே நிரப்பிவிடும்.

ஸ்கேன் செய்து திறந்தால், மெனுவில் அந்த வரியையே காணோம். தவறு என்னுடையதுதான். 2025 மார்ச்சில் வெளியான கிம்ப் 3.0 பதிப்புக்கு முந்தைய வாரம் மாறியிருந்தேன். 2.10 பதிப்புக்காக எழுதிய பிளக்-இன்கள் அதில் அப்படியே ஓடாது, மாற்றி எழுதப்பட வேண்டும் என்பது முன்பே அறிவிக்கப்பட்ட விஷயம். நான்தான் எதையும் படிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று கிளிக் செய்து முடித்திருந்தேன். அப்புறம் என்ன, குளோன் டூலை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்தேன். கோடு போனது, பாட்டியின் மூக்குத்தியும் பாதி போனது.

தம்பி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இவ்வளவு உபயோகமானதை ஏன் சார் புரோகிராமோடயே சேர்த்துத் தரக்கூடாது?"

நியாயமான கேள்வி. போட்டோஷாப்பில் இதே போன்ற வசதி 2010இல் சிஎஸ்5 பதிப்பில் உள்ளேயே வந்தது. கிம்ப்பில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிளக்-இன்னாகக் கிடைத்தது. ஆனாலும் இன்று வரை அது வெளியே நின்றுகொண்டுதான் இருக்கிறது.

கிம்ப் பிறந்த விதமே அப்படி. 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் இருவரும் எழுதத் தொடங்கிய புரோகிராம் இது. 1996இல் வெளியான முதல் பதிப்பிலேயே பிளக்-இன் வசதி இருந்தது. இப்போதும் நீங்கள் ஒரு ஜேபெக் படத்தைத் திறக்கும்போது அதைத் திறப்பது பெட்டியோடு வரும் ஒரு பிளக்-இன்தான். நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

இதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. கிம்ப்பில் பிளக்-இன் தனிப் புரோகிராமாக ஓடுகிறது. அது பாதியில் செத்துப்போனாலும் கிம்ப் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். 'பிளக்-இன் கிராஷ் ஆகிவிட்டது, படங்களைச் சேவ் செய்துவிட்டு கிம்ப்பை மறுபடி தொடங்குவது நல்லது' என்கிற மாதிரி ஒரு செய்தி வரும். அப்படி வந்தால் சொன்னதைச் செய்யுங்கள். அதே வசதி மெயின் புரோகிராமுக்குள் இருந்து கோளாறு செய்தால், சேவ் செய்யாத வேலை மொத்தமும் போய்விடும்.

உள்ளே சேர்த்தால் யார் பார்த்துக்கொள்வது?

ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களில் ஒரு வசதியைச் சேர்ப்பது சுலபம். பிறகு பத்து வருடம் பராமரிப்பதுதான் கஷ்டம். முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு உருவாக்கும் 'கேம் என்ஜின்' அதற்குள்ளேயே பல ஆண்டுகள் இருந்தது. சரியாகக் கவனிக்க ஆள் இல்லாமல் போக, 2019இல் வந்த 2.80 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். அதை நம்பி விளையாட்டு செய்துகொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

எதிர்த் திசையிலும் நடக்கிறது. ஓபிஜே வகை பைல்களாக மாற்றும் வேலையைப் பிளெண்டரில் வெகு காலம் பைத்தானில் எழுதிய ஆட்-ஆன் செய்துவந்தது. பெரிய பைல் என்றால் காபி குடித்துவிட்டு வரலாம். 2022இல் வந்த 3.1 பதிப்பில் அதை சி++ மொழியில் எழுதி உள்ளே கொண்டு வந்தார்கள். வேகம் பல மடங்கு கூடியது. எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், வேகமும் தேவை என்றால் உள்ளே வரட்டும் என்பது சரியான முடிவு.

ஆனால் 2024 ஜூலையில் வந்த 4.2 பதிப்பில் செய்த மாற்றம் பற்றி எனக்கு இரண்டு மனம். அதுவரை பெட்டியோடு வந்துகொண்டிருந்த பல ஆட்-ஆன்களை வெளியே எடுத்து, இணையத்திலுள்ள எக்ஸ்டென்ஷன்ஸ் தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். பராமரிப்பவர்களுக்குச் சுமை குறைவு. புதிய பிளெண்டர் வரும் வரை காத்திருக்காமல் ஆட்-ஆனை மட்டும் புதுப்பிக்கலாம். எல்லாம் சரி. வீட்டில் இணைய இணைப்பு இல்லாதவர் என்ன செய்வார்? ஜிப் பைலாக வேறு இடத்தில் டவுன்லோட் செய்து, பென் டிரைவில் கொண்டு வந்து, 'இன்ஸ்டால் ஃப்ரம் டிஸ்க்' கொடுக்கலாம். வழி இருக்கிறது. ஆனால் இருப்பதே தெரியாத ஆட்-ஆனை அவர் எப்படித் தேடுவார்?

என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆட்-ஆன் இல்லாத கம்ப்யூட்டரில் அந்தப் பைல் ஒழுங்காகத் திறக்குமா? இங்க்ஸ்கேப்பில் க்யூஆர் கோடு போடுவது ஒரு எக்ஸ்டென்ஷன். போட்டு முடித்த பின் அது வெறும் வடிவம், எங்கும் திறக்கும். அது வெளியே இருப்பதில் நஷ்டமில்லை (உண்மையில் பெட்டியோடேயே வருகிறது). ஆனால் ஒரே பைலில் பல பக்கங்கள் என்பது பைலின் அமைப்பையே தொடும் விஷயம். அதைப் பல ஆண்டுகள் தராமல் இருந்து, 2022இல் 1.2 பதிப்பில்தான் உள்ளே கொடுத்தார்கள். எட்டுப் பக்க மலர் ஒன்றை எட்டு பைல்களாகச் செய்து, ஐந்தாம் பக்கத்தைத் தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது முன்பே வந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்குப்படி ரீசிந்தசைசர் வெளியே இருக்கலாம். நிரப்பி முடித்த படம் சாதாரணப் படம்தான். ஒப்புக்கொள்ள மனசுதான் வரவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நீங்கள் சேர்த்த பிளக்-இன்களின் பெயர்களையும் பதிப்பு எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். புதிய பதிப்புக்கு மாறும் முன் அவை அதில் ஓடுமா என்று பாருங்கள். பழைய பதிப்பின் இன்ஸ்டால் பைலை அழிக்காதீர்கள். கண்ட இடத்திலிருந்து ஆட்-ஆன் எடுக்கவும் வேண்டாம். அதுவும் ஒரு புரோகிராம்தான், உங்கள் பைல்களைத் தொடும் சக்தி அதற்கும் உண்டு.

நான் அழிக்கவில்லை. பழைய சிடி ஒன்றில் 2.10 இருந்தது. மறுநாள் அதை என் பழைய கம்ப்யூட்டரில் போட்டு, ரீசிந்தசைசரையும் சேர்த்து, ஸ்கேன் செய்த படத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மூக்குத்தி முழுசாக வந்தது. திதிக்கு இரண்டு நாள் மிச்சமிருந்தது.