வயலில் வட்டம் போட்டது யாரு?

வீக் எண்டுக்கு ஊருக்குப் போறீங்க. பஸ் விருத்தாசலத்தைத் தாண்டி ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் போய்க்கிட்டிருக்கு. மார்கழி மாசம், கதிர் வாங்குற நேரத்து சம்பா வயல். நடுவுல மட்டும் காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி ஒரு வட்டம், நெருப்பு வெச்சாப்ல கருகிக் கிடக்குது. சுத்தி இருக்கற பயிர் பச்சைப் பசேல்!

'ஏலியன் வேலைடா மச்சி'ன்னு பக்கத்து சீட் நண்பர் ஆரம்பிப்பார். அவர் மேல தப்பில்லை. 2002-ல் வந்த 'சைன்ஸ்' படம் அப்படி. வயல்ல வட்டம் போட்டு மெல் கிப்ஸனை மிரட்டிய அந்த டைரக்டர் மனோஜ் நைட் ஷியாமளன் பிறந்தது நம்ம பக்கத்து மாஹேயில!

இங்கிலாந்து கோதுமை வயல் வட்டங்களோட குட்டு 1991-லேயே உடைஞ்சு போச்சு. டக் போவர், டேவ் சோர்லினு ரெண்டு பெருசுங்க, 'பலகையும் கயிறும் வெச்சு ராத்திரியில நாங்கதான் மிதிச்சோம்'னு பத்திரிகையில சொல்லிட்டாங்க. அவங்க போட்ட ஒரு வட்டத்தை 'மனுஷன் செஞ்சதா இருக்கவே முடியாது'ன்னு சர்ட்டிஃபிகேட் கொடுத்த பேட் டெல்காடோ ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயர். (நம்ம டிபார்ட்மென்ட் மானம் கப்பலேறிய நாள்!)

ஆனா, நம்ம ஊர் வட்டத்தை யாரும் மிதிக்கலை. பயிர் நின்னபடியே காய்ஞ்சிருக்கு. ஆசாமி பேரு புகையான். அரிசி சைஸுகூட இல்லாத பழுப்பு நிற தத்துப்பூச்சி. தண்ணிக்கு சற்று மேலே, தூரோட அடியில உட்கார்ந்து சாறை உறிஞ்சும். வரப்புல நின்னு பார்த்தா தெரியவே தெரியாது. 1973-74-ல் கேரள நெல் வயல்களை ஒரு கை பார்த்தது இதுதான்.

சரி, ஏன் வட்டம்? நீளச் சிறகு பூச்சி பறந்து வந்து ஒரு இடத்துல இறங்கும். அதோட வாரிசுகள்ல பல பெண் பூச்சிகளுக்குக் குட்டைச் சிறகுதான். பறக்க முடியாது. இருக்கற இடத்துலயே முட்டை போடும். குஞ்சுங்க பக்கத்துக் குத்துக்கு, அங்கிருந்து அடுத்த குத்துக்குனு நாலா பக்கமும் ஒரே வேகத்துல நகரும். ஒரு புள்ளியில இருந்து எல்லா திசையிலும் சமமா பரவினா என்ன வடிவம் வரும்? ஃபர்ஸ்ட் இயர் பசங்களே சொல்லிடுவாங்க.

இதைப் பார்த்ததும் நம்ம வீட்ல செய்யற முதல் வேலை, மருந்துக்கடைக்கு ஓடி கைக்குக் கிடைச்சதை வயல் முழுக்க அடிக்கறது. அங்கதான் வம்பு. முட்டை இலை உறைக்குள்ள பத்திரமா இருக்கும். புகையானைத் தின்கிற சிலந்தி செத்துப்போகும். பொரிச்சு வர்ற குஞ்சுக்கு எதிரியே கிடையாது. சில பைரித்ராய்டு மருந்துகளை அடிச்ச பிறகு புகையான் முன்னைவிட அதிகமாகறதுக்கு இதுவும் ஒரு காரணம். இந்தோனேஷியா பட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, 1986-ல் 57 பூச்சிமருந்து பிராண்டுகளை நெல்லுக்குத் தடை பண்ணுச்சு.

அதனால, ஊருக்குப் போனா வயலுக்குள்ள இறங்குங்க. தூரை லேசா சாய்ச்சு, தட்டி, தண்ணியில விழுறதை எண்ணுங்க. சிலந்தி இல்லைனா ஒரு தூருக்கு ஒண்ணு, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா தூருக்கு ரெண்டு. அதைத் தாண்டினாதான் மருந்து பற்றிய பேச்சே. தண்ணியை வடிச்சுட்டு, தூர்ல படற மாதிரி அடிக்கணும். மேலாக அடிச்சா காசுதான் கரையும். எந்த மருந்துன்னு வேளாண்மை விரிவாக்க மையத்துல கேட்டுக்குங்க. யூரியாவை அள்ளிக் கொட்ட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க (திட்டு விழும், பரவாயில்லை).

அடுத்த நடவுல எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டச் சொல்லுங்க. வெயிலும் காத்தும் தூர் வரைக்கும் போனா புகையானுக்குப் பிடிக்காது.