ஸ்டேஷன் வாசலில் நிற்கும் சைக்கிள் யாருடையது?

2018 தொடக்கத்தில் கோவைத் தெருக்களில் மஞ்சள் சைக்கிள்கள் வந்து நின்றன. கையில் ஆப் இருந்தால் போதும், பூட்டைத் திறந்து ஓட்டலாம் என்றது ஓஃபோ என்ற சீன நிறுவனம். அதே ஆண்டின் நடுவில் இந்தியாவை விட்டே கிளம்பியும் போனது. சீனாவில் நிலைமை இன்னும் மோசம். 99 அல்லது 199 யுவான் டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டு, அந்த ஆண்டுக் கடைசியில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஆன்லைனில் வரிசையில் காத்திருந்தார்கள்.

இதைச் சொல்வது வாடகை சைக்கிளே வேண்டாம் என்பதற்காக அல்ல. மெட்ரோவோ பஸ்ஸோ வீட்டு வாசல் வரை வராது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு சைக்கிளை விட மலிவான வழி ஏது? சீனாவின் ஹாங்சோ நகரில் 2008-இல் பஸ் நிறுவனமே சைக்கிளையும் நடத்தத் தொடங்கியது. பஸ் கார்டையே காட்டி எடுக்கலாம், முதல் ஒரு மணி நேரம் இலவசம். இரண்டும் ஒரே கையில் இருந்ததால், குறை என்றால் யாரிடம் போவது என்ற குழப்பமும் இல்லை.

நம் ஊரில் அப்படி இல்லை. ரயில் ஒரு நிறுவனம், சாலை மாநகராட்சி, சைக்கிள் தனியார். சென்னையில் 2019-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வந்த சைக்கிள்களை ஓட விட்டதும் தனியார் நிறுவனம்தான். ஸ்டேஷன் வாசலில் நிற்பதாலேயே அது மெட்ரோவின் சைக்கிள் ஆகிவிடாது. ஆப்பில் ‘சம்மதம்’ என்று அழுத்தும்போது நீங்கள் ஒப்பந்தம் போடுவது அந்தத் தனியாரோடு. ஸ்டேஷன் கவுன்டரில் போய்ச் சண்டை போட்டால் கையை விரிப்பார்கள்.

பணத்தில் தொடங்குவோம். அளவுக்கு மிஞ்சிய டெபாசிட் கேட்கும் ஒப்பந்தத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கட்டிய டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் அது சேவைக் குறைபாடு. முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே மனு போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் ஊரை விட்டே ஓடிப்போன நிறுவனத்திடம் ஆணையம் தீர்ப்பு சொன்னாலும் வசூலிப்பது பெரும்பாடு. ஆகவே, ஆப்பில் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் போட்டு வைக்காதீர்கள்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தொல்லை, சைக்கிளை விட்ட பிறகும் பூட்டு ஏற்காமல் மீட்டர் ஓடிக்கொண்டே இருப்பது. சைக்கிள் எண்ணும் நிறுத்தமும் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் வீண் கட்டணத்தை மறுக்கலாம்.

விபத்து விஷயத்தில்தான் பலருக்கும் உரிமை தெரிவதில்லை. கார், லாரி, பைக் எது மோதினாலும், சைக்கிளில் போனவர் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். லைசென்ஸ் இல்லையே என்று தயங்க வேண்டாம், சைக்கிளுக்கு அது தேவையே இல்லை. உடனே போலீசில் புகார் கொடுங்கள். தீர்ப்பாய மனுவுக்குச் சட்டத்தில் உள்ள கெடு 6 மாதம். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. பிரேக் பிடிக்காமல் விழுந்தால் கேள்வி சைக்கிள் நிறுவனத்துக்கு. ‘நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஆப்பில் ஒரு வரி எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து மிரள வேண்டாம், ஆணையத்தில் அதையும் கேள்வி கேட்கலாம். இருந்தாலும் ஏறும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்ப்பது நம் எலும்புக்கு நல்லது.

உங்கள் வார்டில் சைக்கிள் நிறுத்தம் வரப்போகிறதா? 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியிடம் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். டெபாசிட் யார் கையில் இருக்கும், காப்பீடு உண்டா, நிறுவனம் பாதியில் விலகினால் பணம் யார் தருவார் என்ற மூன்றையும் அதில் தேடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை.