குகைக்கு வெளியே ஒருவர்

எங்கள் ஊராகிய நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு உண்டு, அது கடலோடு கலக்கும் கழிமுகம் உண்டு, படகுத்துறை உண்டு. மலை இல்லை; ஆகவே குகையும் இல்லை. இல்லாத பொருளின்மேல் ஆசை மிகுதல் இயல்புதானே! சில மாதங்களுக்குமுன், என்னிடம் படித்த இளைஞர் நால்வர் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். "ஐயா, சனி, ஞாயிறு இரண்டு நாளும் கொடைக்கானல் போகிறோம். குணா குகையைப் பார்க்கப் போகிறோம். வேறு குகை ஏதேனும் அகப்பட்டால் உள்ளேயும் நுழைந்து பார்ப்போம்" என்றனர். "நுழைந்தால் எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள்? அது வெளியில் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அன்று அவர்களுக்குக் கூறியவற்றையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

குகை என்றதும் மலையில் குடைந்த ஓர் அறை நம் மனக்கண்முன் தோன்றும். இயற்கைக் குகைகள் பெரும்பாலும் அத்தகையன அல்ல. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று, வலுக் குறைந்த ஓர் அமிலமாக மாறுகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி, பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து, நெடுங்காலத்தில் நீண்ட சுரங்கங்களை உண்டாக்கிவிடுகிறது. ஆந்திரத்துப் பேலம் குகைகள் இவ்வகையின; மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீள்பவை. பல்லாவரத்தில் 1863-இல் பழங்கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் புட் என்பாரே 1884-இல் இவற்றைப் பற்றியும் குறித்தவர். இத்தகைய வழிகளை அமைத்தது நீர் என்பதை நினைவிற் கொள்க. பெருமழை பெய்தால் அந்நீர் மீண்டும் அவ்வழியே வரும்.

கொடைக்கானலில் உள்ளதோ வேறு வகை. அங்குள்ள கடும்பாறை கரையக் கூடியதன்று. தூண் பாறைகள் எனப்படும் மூன்று பெரும் பாறைகள் ஏறத்தாழ 400 அடி உயரம் நிற்கின்றன. அவற்றினிடையே செங்குத்தாக இறங்கும் இடுக்குகளைத்தான் குகை என்கிறோம். 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டு எழுதிய இவ்விடத்தைச் 'சாத்தானின் சமையலறை' என்று ஆங்கிலேயர் அழைத்தனர். 1991-இல் வெளிவந்த 'குணா' படத்திற்குப் பின்னர் அப்பெயரே நிலைத்துவிட்டது. சுண்ணாம்புக் குகையில் வழி தவறும்; இங்கோ கால் தவறும். மங்கிய ஒளியில், ஈரப்பாறையும் வேரும் சருகும் கலந்து கிடக்க, தரை எது, பள்ளம் எது என்று புலப்படுவதில்லை.

2006-ஆம் ஆண்டு கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து ஒரு நண்பர் குழாம் அங்கே உல்லாசப் பயணமாக வந்தது. தடுக்கப்பட்ட பகுதிக்குள் அவர்கள் இறங்கியபோது, ஒருவர் திடீரென்று ஒரு குழிக்குள் மறைந்துவிட்டார். அதில் விழுந்தவர் மீளமாட்டார் என்றே ஊரார் எண்ணினர். நண்பர்கள் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. சிலர் உதவி தேடி ஓடினர். சிலர் குழியின் வாயில் நின்று பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தனர். கீழிருந்து குரல் கேட்டது. காவலரும் தீயணைப்பு வீரரும் வந்து சேர்ந்தபின், நண்பருள் ஒருவரே கயிற்றில் இறங்கி, விழுந்தவரைத் தம்முடன் சேர்த்து மேலே கொணர்ந்தார். அவருக்கு 2008-இல் ஜீவன் ரக்ஷா பதக்கம் வழங்கப்பட்டது. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படமும் வந்து நம்மவரும் திரளாகக் கண்டனர். இறங்கியவரின் துணிவை யாவரும் புகழ்கிறோம், புகழத்தான் வேண்டும். ஆயினும் கயிற்றை இழுத்தவர்களையும், இன்ன குழி என்று பிழையின்றிக் காட்டியவர்களையும் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது என் குறை.

தாய்லாந்தில் நிகழ்ந்ததும் ஒரு சனிக்கிழமைதான். 2018 ஜூன் 23 அன்று, பந்து விளையாடி முடித்த பன்னிரண்டு சிறுவர், தம் பயிற்சியாளருடன் தாம் லுவாங் என்னும் சுண்ணாம்புக் குகைக்குள் நுழைந்தனர். சிறிது நேரம் சுற்றிவிட்டுத் திரும்புவதே திட்டம். மழை பெய்தது, பின்னால் இருந்த தாழ்வான வழி நீரால் அடைபட்டது. அவர்களைத் தேட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்தவை எவை தெரியுமா? குகை வாயிலில் அவர்கள் விட்டுச் சென்ற மிதிவண்டிகள்! அவை மட்டும் அங்கே இல்லையேல், மலையெங்கும் அலைந்தல்லவா தேடியிருப்பார்கள்?

உள்ளே அவர்கள் உணவின்றி, பாறையில் கசிந்த நீரைக் குடித்து, உயரமான ஓரிடத்தில் ஒன்றாக அமர்ந்திருந்தனர். முன்னாளில் பௌத்தத் துறவியாக இருந்த பயிற்சியாளர் அவர்களைத் தியானத்தில் அமர்த்தினார். பசித்திருப்பவன் அசையாதிருந்தால் உடலின் சக்தி மெல்லச் செலவாகும் என்பது வெறும் ஆன்மிகம் அன்று, உடலியல். ஜூலை 2 அன்று பிரிட்டானிய முக்குளிப்போர் இருவர் அவர்களைக் கண்டனர். ஜூலை 8 முதல் 10 வரை, மயக்க மருந்து செலுத்தி, ஒவ்வொருவராக நீர்வழியே வெளிக்கொணர்ந்தனர். பதின்மூவரும் பிழைத்தனர். ஆனால் அவர்களுக்காகக் காற்றுக்கலங்களைக் கொண்டுசென்ற சமன் குனன் என்ற முன்னாள் கடற்படை வீரர் ஜூலை 6 அன்று உயிர் நீத்தார். சில மணி நேர உலாவுக்கு அது கொடுத்த விலை.

இவற்றையெல்லாம் கேட்ட பின்னும் நால்வரும் பயணத்தைக் கைவிடவில்லை. கைவிடுமாறு நானும் கூறவில்லை. எங்கள் ஊர் மீனவர் கடலை அஞ்சியா வீட்டிலிருக்கிறார்? கரையிலுள்ளவரிடம் சொல்லிவிட்டுப் படகைத் தள்ளுகிறார். ஆளுக்கொரு விளக்கும், அதற்கு மாற்றாக மற்றொன்றும் கொள்ளுங்கள், வேலியைத் தாண்டாதீர்கள், மழை அறிகுறி கண்டால் எக்குகையிலும் கால் வைக்காதீர்கள் என்றேன். ஒரு தாளில் தங்கும் விடுதி, அதன் தொலைபேசி எண், செல்லும் இடங்கள், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டேன். ஞாயிறு இரவு பத்து மணிக்குள் என்னை அழைப்பதாக ஒப்பந்தம்.

பத்தாயிற்று, பதினொன்றாயிற்று, அழைப்பில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, தாளிலிருந்த விடுதி எண்ணை அழைத்தேன். "நாலு பேரும் சாயங்காலமே அறையைக் காலி செய்துவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார்கள், ஐயா" என்றார் இரவுக் காவலர். ஆக, அவர்கள் எந்தக் குகையிலும் இல்லை. அதன் பின்னரே படுத்தேன். மலைப்பாதையில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டதாம். அவ்விடத்தில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லையாம். திங்கட்கிழமை காலை வந்து சொன்னார்கள்.